குறை பிறந்த இடம்

தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்ப்பதற்கென்று தனி அறை உண்டு. நல்ல பகல் வெளிச்சம் விழும் சன்னலோரம் நீண்ட மேசை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு வகைத் தேயிலையும் அதன்மேல் மூன்று உருவில் நிற்கும்: உலர்ந்த தூளாகத் தட்டில், சாயமாக வெள்ளைக் கிண்ணத்தில், ஊறிய இலையாகக் குவளையின் கவிழ்த்த மூடிமேல். பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடைக்கு, சுமார் 2.8 கிராம், தூளை நிறுத்துப் போட்டுக் கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் விடுவது பழைய வழக்கம். சுவை பார்ப்பவர் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்கப் பரவவிட்டு, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். சொல்வது ஓரிரு சொல்தான். சப்பென்று இருக்கிறது. கருகல். பச்சை வாடை. அதைக் கேட்டதும், நேற்று எந்தக் கட்டத்தில் என்ன தவறியது என்று அந்தத் தேயிலையைச் செய்த டீமேக்கருக்குப் பிடிபட்டுவிடும்.

கைவேலை செய்கிறவர்கள் ஒருவர் வேலையில் ஒருவர் எப்படிக் குறை சொல்வது, சொன்னதை எப்படி வாங்கிக்கொள்வது என்ற கேள்விக்கு இந்த மேசை நல்ல விடை வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பாராட்டோடு தொடங்கு, மெல்லச் சொல், மனம் நோகாமல் சொல் என்று நமக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பண்பாகச் சொல்ல வேண்டியதுதான். அதில் தகராறு இல்லை. ஆனால் மறுநாள் வேலையைத் திருத்திக்கொள்ள உதவுவது குரலின் மென்மையன்று. குறை எந்தக் கட்டத்தில், யார் கையில் பிறந்தது என்ற தகவல்தான் உதவும். தேயிலைத் தொழில் அந்தத் தகவலைச் சொல்லும் முறையை நூறாண்டுக்கும் மேலாகச் செதுக்கி வைத்திருக்கிறது. அதே தொழில் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணிடம் அந்த முறையைக் கடைப்பிடிக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

தேயிலை கைவினையா என்று கேட்கலாம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் இன்று பெரும்பாலான சரிவுகளில் கத்தரியும் அறுவடை இயந்திரமும்தான் ஓடுகின்றன. தொழிற்சாலைக்குள் முழுக்க இயந்திரம். ஆயினும் இலை எவ்வளவு வாடினால் போதும், எப்போது உருட்டுவதை நிறுத்த வேண்டும், நிறம் மாறிக்கொண்டிருக்கும் இலையை எந்த நிமிடத்தில் அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கை அமுக்கிப் பார்த்தும் மூக்கு முகர்ந்து பார்த்தும் முடிவு செய்கிற ஒருவர் வேண்டும். ஒரே சரிவின் கொழுந்து மழை நாளில் ஒருவிதமாகவும் வெயில் நாளில் வேறுவிதமாகவும் வரும். அந்த வேறுபாட்டுக்குத் தக்கபடி கையை மாற்றத் தெரிந்தவரைக் கைவினைஞர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1885-இல் இந்த மலைப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயர் மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்னோடு சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை வந்தது. காடு வெட்டவும் கன்று நடவும் கொழுந்து எடுக்கவும் வந்தவர்களில் தமிழர்கள் மிகுதி. துரை, கிராணி, தண்டல், பெரட்டு, லயம் என்ற தோட்டத்துப் பேச்சு அவர்களோடு மலை ஏறியது. தோட்டங்களை ஒட்டித் தமிழ்ப் பள்ளிகள் எழுந்தன. இலங்கையின் மலையகத்துக்கும் நீலகிரிக்கும் கேமரனுக்கும் இடையே இந்தத் தொழில் அறிவு ஆட்களோடு பயணம் செய்தது; ஆகவே ஒன்றைப் பேசினால் மூன்றையும் பேச வேண்டியிருக்கிறது.

சுவை மேசையில் சொல்லப்படும் குறைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இலையை வாட்டி, உருட்டி, காற்றில் பரப்பி நிறம் மாறவிட்டு, பிறகு ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை சூட்டில் உலர்த்துகிறார்கள். காற்றில் கிடக்கும் நேரத்தில் இலைச்சாறு ஆக்சிஜனோடு சேர்ந்து தியாஃப்ளேவின் என்ற பொருள் உண்டாகிறது. சாயத்துக்குப் பளிச்சென்ற நிறமும் நாக்கில் சுறுசுறுப்பும் தருவது அது. மேலும் கிடக்கவிட்டால் அது வேறு பொருளாக மாறிச் சாயம் கனத்து மங்கும். ஆகவே கிண்ணத்தில் நிறம் மங்கி, மூடிமேல் இலையும் கறுத்திருந்தால், நேரம் கடந்துவிட்டது என்று பொருள். இலை பச்சையாகவே கிடந்து, சாயம் நாக்கைக் கடித்தால், அவசரப்பட்டிருக்கிறார்கள்.

உலர்த்தும்போது சூடு அதிகமானால் கருகல் வாடை தலைகாட்டும். சூடு குறைந்தால் அதற்கு நேர்மாறான கோளாறு: ஈரம் மெல்ல மெல்ல வெளியேறுவதால் நிறமாற்றம் அடுப்புக்குள்ளும் தொடர்ந்து, தேயிலை வெந்து குழைந்த சுவையில் முடியும். சூடு திடீரென ஏறினால் துகளின் மேல்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். இன்றைக்குக் குடித்தால் ஒன்றும் தெரியாது, பெட்டியில் சில வாரம் இருந்தபின் கெட்டிருக்கும். புகை நாற்றம் வந்தால் இலையையோ ஆளையோ குற்றம் சொல்ல வேண்டியதில்லை, அடுப்பைச் சூடாக்கும் பகுதியில் எங்கோ கசிவு. தூளின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் சலிக்கும்போது மிகையாகத் தேய்த்திருக்கிறார்கள். மேலே படிந்து காய்ந்த சாற்றின் மினுமினுப்பு உதிர்ந்துபோயிருக்கும்.

மேசைமேல் மூன்று உருவில் வைப்பதன் பயன் இப்போது புரியும். சாயம் மட்டும் இருந்தால் ஒரே குறைக்கு இரண்டு மூன்று காரணம் சொல்லலாம். ஊறிய இலையையும் உலர்ந்த தூளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து ஒன்றிரண்டு எஞ்சும். இந்தச் சொற்களை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக உலகத் தரநிலை அமைப்பு 1982-இல் கறுப்புத் தேயிலைக்கென்று ஒரு சொற்தொகுதியையே வெளியிட்டது, ஐ.எஸ்.ஓ. 6078 என்பது அதன் எண். அதற்கு முன்பே, 1980-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 3103, சோதனைக்குத் தேநீர் வடிப்பது எப்படி என்று வகுத்தது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம், 6 நிமிடம். தேநீர் போடுவதற்கு ஒரு தரநிலையா என்று அதை வேடிக்கையாகப் பேசுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரே அளவில் வடிக்காத இரண்டு கிண்ணங்களை ஒப்பிட்டு ஒருவரின் ஒரு நாள் உழைப்பைத் தாழ்த்திச் சொல்வது அநியாயம். அந்த அநியாயத்தைத் தடுக்கும் ஏற்பாடு இது.

தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வேளைக்கு வந்து சேரவும் வேண்டும். கொழும்பில் 1883 ஜூலை 30 அன்று முதல் தேயிலை ஏலம் நடந்தது. குன்னூரில் 1963 முதல் ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையைத் தரகு நிறுவனத்தின் சுவைஞர்கள் குடித்துப் பார்த்து விலை மதிப்பார்கள். குறைநிறைகளைத் தொழிற்சாலைக்கும் தெரிவிப்பார்கள். ஊரறிந்த நாக்கு, பல தோட்டத்துத் தேயிலையை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு, விற்பவரிடம் முகதாட்சண்யம் பார்க்கத் தேவையில்லாத நிலை என்று அந்தக் கருத்துக்குப் பல வலிமைகள். ஆனால் அது கைக்கு வரும்போது அந்தத் தேயிலையைச் செய்து சில வாரம் ஆகியிருக்கும். அன்றைய மழையும் அன்றைய இலையும் யாருக்கு நினைவிருக்கும்? தொழிற்சாலையின் சொந்த மேசையில் கேட்பது அடுத்த நாளே பயன்படும். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். தங்கள் தேயிலையின் குறை அவர்கள் நாக்குக்கே பழகிப்போய்விடக்கூடும். இரண்டும் வேண்டும். மலேசியாவில் தேயிலை ஏலம் கிடையாது. கேமரன் தோட்டங்கள் தங்கள் முத்திரையிலேயே சந்தைக்குப் போகின்றன. வெளிநாக்கு சொல்லும் குறை அங்கே வாங்குகிறவரின் மௌனமாகத்தான் வரும்: அடுத்த முறை வேறு பாக்கெட்டை எடுத்துக்கொள்வார். ஏன் என்று சொல்லமாட்டார்.

வேளை என்பதைச் சுவாமிமலைப் படிமக் கூடங்களைப் போலத் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை. அங்கே முதலில் மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் படிமம் வெளியே வரும். அந்த அச்சு இன்னொரு முறைக்கு ஆகாது. மெழுகு நிலையில் முழங்கை சற்றுத் தடித்திருக்கிறது என்று மூத்தவர் சொன்னால் இளையவர் சூடு காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். உலோகமான பிறகு அதே சொல் ஒரு துக்கச் செய்தி. மூத்த ஸ்தபதி கண்ணை ஓட்ட வேண்டிய இடம் மெழுகு மேசைதான்.

குறை சொல்பவர், செய்கிறவரின் அளவுகோல் என்ன என்று அறிந்திருக்கவும் வேண்டும். நீலகிரித் தேயிலைச் சரிவுகளுக்குப் பக்கத்திலேயே வாழும் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தையல் சட்டம் இல்லாமல், மாதிரியும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். வழவழப்பான பக்கத்தை நல்ல பக்கமென்று கடைக்காரர் எடுத்துக்கொள்வார். நூல் புடைத்து நிற்கும் சொரசொரப்பான பக்கம்தான் தோடருக்கு முகம். அதை அறியாதவர் இதில் நூல் துருத்துகிறது என்று குறை சொன்னால், அந்தப் பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பரிசுகளும் முத்திரைகளும் இந்த இடத்தில்தான் அடிக்கடி தடுமாறுகின்றன. யுனெஸ்கோ 2001-இல் தென்கிழக்காசியாவில் தொடங்கிய கைவினைச் சிறப்பு முத்திரை, வேலைத் திறம், மரபின் நேர்மை, புதுமை, விற்பனைக்கு ஏற்ற தன்மை ஆகியவற்றை அளவுகோலாக வைத்தது. அளவுகோலை முன்கூட்டியே வெளியில் சொன்னது பெரிய காரியம். ஆனால் மரபும் விற்பனையும் ஒன்றையொன்று இழுக்கும்போது எதற்கு முதலிடம் என்பதை நடுவரின் மனம்தான் முடிவு செய்யும். செய்தவர் அந்த அறையில் இருக்கமாட்டார்.

நம் கைவினைக் கண்காட்சிகளில் இந்த அளவுக்குக்கூடப் பேச்சு நடப்பதில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது, விலையைக் குறைத்துக் கொடுங்கள்: இவ்விரண்டோடு முடிந்துவிடுகிறது. கூடை பின்னுகிறவருக்கு அந்தப் பாராட்டால் பயனில்லை. கைப்பிடி சேரும் இடத்தில் ஓலை பிரிகிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அது ஒரு மாத வருமானத்துக்குச் சமம். இடம் சுட்டாத பாராட்டும் இடம் சுட்டாத குறையும் ஒரே எடைதான்.

வாங்கிக்கொள்கிறவர் பக்கத்துக்கு வருவோம். தேயிலை மேசையில் கிண்ணங்களுக்கு எண் போட்டுப் பெயரை மறைத்து வைக்கலாம். டீமேக்கரும் பக்கத்தில் நின்று தன் தேயிலையைத் தானே உறிஞ்சித் துப்பலாம். குறை ஆளைவிட்டு விலகிக் கிண்ணத்தில் போய் நிற்கும். இருவரும் ஒரே பொருளைப் பார்த்துப் பேசுகிறார்கள். இதைவிட முக்கியமானது, அவருக்குப் பதில் பேச வாயிருக்கிறது என்பது. நேற்று மழையில் நனைந்த கொழுந்து வந்தது, எவ்வளவு காற்று விட்டும் வாடவில்லை என்று அவர் சொல்லலாம். அதே நாளில் அடுத்த தோட்டத்தில் செய்ததை எடுத்து வைத்து, அங்கேயும் மழைதானே என்று சுவைஞர் கேட்கலாம். அந்த வாக்குவாதத்தில்தான் இருவரும் கற்றுக்கொள்கிறார்கள். பதிலுக்கு இடம் கொடுக்காத குறைகூறல் தீர்ப்பாகிவிடும்; தீர்ப்பைக் கேட்டு யாரும் கைவேலையைத் திருத்திக்கொண்டதில்லை.

ஊறிய இலையில் சில துண்டு செம்பு நிறமாகவும் சில துண்டு பச்சையாகவும் கலந்து கிடக்கும்போது, விசாரணை தொழிற்சாலைக் கதவைத் தாண்டி மலைக்குப் போய்விடுகிறது. வாட்டல் சீராக நடக்காமல் இருக்கலாம். இளங்கொழுந்தும் முற்றல் இலையும் ஒன்றாகப் பறிக்கப்பட்டிருக்கலாம். இளசு உருளையில் சீக்கிரம் நசுங்கிச் சாறு விடும். முற்றல் மடங்கிக் கிடக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் நிறம் மாறா. சாயம் மங்கலாக இருந்தால் அதற்கும் தோட்டத்தில் வேர் இருக்கலாம்: கொழுந்தைச் சாக்கில் அழுத்தித் திணித்து வெயிலில் வைத்தால் உள்ளே சூடேறி, நசுங்கிய இலை ஆலைக்கு வருமுன்பே சிவந்துவிடும். ஆகப் பறிக்கிறவரின் கைவேலை கிண்ணத்தில் தெரிகிறது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்கொழுந்து சேர்ந்தால்தான் 1 கிலோ தேயிலை. அந்த 5 கிலோவைத் தேர்ந்தெடுத்த விரல்கள் அவருடையவை.

அந்த விரல்களுக்கு உரியவரிடம் குறை எந்த வடிவில் போய்ச் சேர்ந்தது? தராசு வழியாக. மலாயாவுக்குக் கங்காணி முறையில் ஆள் வருவது, 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தும்வரை நீடித்தது. ஆளைக் கூட்டிவந்தவரே கடன் கொடுத்தவர், அவரே வேலையில் குறை கண்டுபிடிப்பவர் என்றிருந்தால் அந்தக் குறையை நம்பிக் கேட்க முடியுமா? இலங்கைத் தோட்டங்களில் குறித்த எடைக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அரைப்பேர்தான் விழும். நாள் முழுக்க வேலை செய்தும் பாதி நாளாகக் கணக்கு. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக்களைக் கழிப்பது அங்கே இன்றுவரை ஓயாத மனக்குறை. கழித்தார்கள் என்பது பறித்தவருக்குத் தெரியும். அவர் எடுத்த இலையில் எது முற்றல், அது கிண்ணத்தில் என்ன செய்தது என்பதை யாரும் காட்டியதில்லை. டீமேக்கருக்குக் காரணமாக வந்தது இவருக்குக் கூலிப் பிடித்தமாக வந்தது. ஒரே தொழிலுக்குள், ஒரே நாள் தேயிலையைப் பற்றி, இரண்டு விதமான பேச்சு. இதில் ஆண் பெண் கணக்கும் இருக்கிறது. சுவைக்கூடத்தில் நின்றவர்கள் நெடுங்காலம் ஆண்கள். தராசின் முன் கூடையோடு நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

அந்தப் பெண்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலில்லை. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 20 விழுக்காடு போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபோது, நிர்வாகத்தை மட்டும் கேள்வி கேட்கவில்லை. தங்கள் பெயரில் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெம்பிளை ஒருமை என்று அந்த எழுச்சிக்குப் பெயர். கூலிக்கான போராட்டமாகத்தான் அது எழுதப்படுகிறது, அது சரியும்கூட. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: பேசுவதற்கு நாற்காலி கிடைக்காதவர்கள் கடைசியில் சாலையில் உட்கார்ந்து பேசுவார்கள். நாற்காலி இருக்கும் இடமும் உண்டு. நீலகிரியில் இண்ட்கோசர்வ் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்கு இலை கொடுக்கும் சிறு விவசாயி அந்தத் தொழிற்சாலையின் உறுப்பினரும்கூட. இலை சரியில்லை என்று கேட்கும் அதே ஆள், ஆலை சரியில்லை என்று சொல்லவும் உரிமை உள்ளவர். அந்த உரிமை எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்பது ஆலைக்கு ஆலை மாறும். அமைப்பில் அதற்கு இடம் இருப்பதே மதிப்புக்குரியது.

கேமரனில் இன்று நிலைமை வேறு. தமிழ்க் குடும்பங்கள் பலவும் மலையிறங்கிவிட்டன. வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் சரிவுகளில் நிற்கிறார்கள். மலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து வருகிறது. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே சரிவுக்குத் திரும்புகிறார்கள். கத்தரி வெட்டில் விரலுக்கு இருந்த தேர்வு இல்லை. எந்த உயரத்தில் கத்தரியைப் பிடிப்பது, எந்தச் சரிவை முதலில் எடுப்பது, பையை எப்போது காலி செய்வது என்பதில்தான் இப்போது கைத்திறம் தங்கியிருக்கிறது. அரை விரற்கடை கீழே இறங்கினால் தடித்த தண்டும் முற்றல் இலையும் சேர்ந்துவரும். இதைச் சொல்லிக்கொடுக்க முன்பிருந்த தமிழ்ப் பேச்சு போதாது. மலாயும் வங்காளமும் நேபாளியும் வேண்டும். ஆனால் கிண்ணத்தைக் காட்ட மொழி வேண்டாம். ஒரே சரிவில் கவனமாக வெட்டியதையும் இறக்கி வெட்டியதையும் தனித்தனியாகச் செய்து, இரண்டு கிண்ணங்களையும் மூடிமேல் இரண்டு ஊறிய இலைகளையும் கொழுந்துக் கொட்டகையில் வைத்து, வெட்டியவரையே குடித்துப் பார்க்கச் சொல்ல எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு கெண்டி வெந்நீர், ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு நாட்கூலி பிடிக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

அப்படிக் குடித்துப் பார்த்தவர் திரும்பிக் கேள்வி கேட்பார், அதற்கும் தோட்டம் தயாராக இருக்க வேண்டும். ஒரு சரிவுக்குத் திரும்பும் சுற்று சில நாள் தள்ளிப்போனாலே கொழுந்து முற்றிவிடுகிறது. யார் எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்த நாட்களைத் திரும்ப எடுக்க முடியாது. ஆள் பற்றாக்குறையால் சுற்று நீண்டதா, இயந்திரம் பழுதாகிக் கிடந்ததா, வேறு சரிவுக்கு ஆளைத் திருப்பிவிட்டார்களா என்பது கத்தரி பிடித்தவர் கையில் இல்லை. இலை முற்றல் என்று கொட்டகையில் எழுதும் குறிப்பேட்டில், இந்தச் சரிவுக்குக் கடைசியாக வந்தது எந்தத் தேதி, இன்று ஆளை அனுப்பியது யார் என்று இரண்டு கட்டங்கள் கூடுதலாகப் போட்டால், பல நாட்களில் குறை வெட்டியவர் பெயரைவிட்டு அலுவலக மேசைக்கு நகர்ந்துவிடும்.